கைதட்டு வாங்கிய கால்

என் வலது கால் போனதற்கு நீங்கள்தான் காரணம், தலைவரே. சர்க்கரை ஒரு காரணம், என் உடம்பு ஒரு காரணம் என்று உங்கள் ஆட்கள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் செருப்பைக் கழற்றச் சொன்னது சர்க்கரை இல்லை. நீங்கள்.

உங்கள் பெயரையோ பூங்காவின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. அங்கே நடக்கிறவர்களுக்குத் தெரியும். உங்களுக்காக மட்டும் இதை எழுதவும் இல்லை. சர்க்கரை வந்து, "நட" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட, எங்கே எப்படி நடப்பது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் படிக்க வேண்டும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் பஸ் டிரைவர். திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் சீவலப்பேரிக்கும் ஓடுகிற தனியார் டவுன் பஸ். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு அந்தத் தடம்தான். நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. இந்தப் பக்கம் ஒரு டீ, அந்தப் பக்கம் ஒரு டீ, கூட வடை. வயிறு வளர்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டது. கண்டக்டர் இசக்கி அதற்கு விடாமல் கேலி செய்வான்.

"அண்ணாச்சி, ஆரன் அடிக்க இனிமே கையி எதுக்கு? மூச்ச இழுத்து விட்டாலே வயிறு அடிச்சிருமுல்லா."

பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஒரு கோடையில் தாகம் அடங்கவே இல்லை. பாட்டில் பாட்டிலாகக் குடித்தேன். டிரிப் முடியுமுன் ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை. அதுவும் புதிதாக வந்தது இல்லையாம், வருஷக்கணக்காக உடம்புக்குள் இருந்திருக்கிறதாம். அந்தத் தனியார் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், மாத்திரை எழுதினார், "எடையக் குறைங்க, தெனமும் நடங்க" என்றார். என் காலை அவர் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை. அதற்கு முந்தைய வருஷம் பாதத்தில் எறும்பு ஊர்வது போல் இருந்தது. பிறகு அது தானாக நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அது சரியானது அல்ல, நரம்பு செத்தது என்று சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

பூங்காவுக்கு என்னை அனுப்பியது என் பஸ்ஸில் வழக்கமாக வரும் ஒருவர். அங்கே எட்டு வடிவத்தில் ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். சிமெண்டில் கூழாங்கல் பதித்த பாதை. பாதத்தில்தான் உடம்பின் எல்லா நரம்பும் வந்து முடிகிறது, கல் அழுத்த அழுத்தக் கல்லீரல், கணையம் எல்லாம் விழித்துக்கொள்ளும், சர்க்கரை தானாக இறங்கும் என்று நடைச் சங்கத் தலைவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மைக் பிடித்துச் சொல்வார். பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை பனியன், கழுத்தில் விசில். அவர் பேசினால் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

முதல் நாள் நான் ரப்பர் செருப்போடு பாதையில் கால் வைத்தேன். விசில் அடித்தார்.

"கோயிலுக்குள்ள செருப்போட போவீங்களா? கழட்டுங்க."

கழற்றினேன். அதன் பிறகு கழற்றச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. நம் ஊரில் ஒரு இடத்தைக் கோயில் என்று சொல்லிவிட்டால் போதும், செருப்பைக் கழற்ற யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

காலையில் எல்லோரும் நடக்கிற நேரத்தில் நான் முதல் டிரிப்பில் இருப்பேன். எனக்குக் கிடைப்பது மத்தியான இடைவெளிதான். அவரிடமே கேட்டேன்.

"சார், மத்தியானம் நடக்கலாமா? வெயிலு கடுமையா இருக்கே."

"தாராளமா நடங்க. சூரிய சக்தியும் சேந்து கிடைக்கும்."

ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் நடந்துவிட்டு, பேச்சியம்மாள் கட்டித் தந்த சோற்றை மரத்தடியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த டிரிப்புக்குத் திரும்புவேன். பேச்சியம்மாள் என் மனைவி.

நடை எனக்குப் பிடித்துவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும். எடை குறைந்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். சர்க்கரையும் இறங்கியது. படியேறினால் மூச்சு வாங்கவில்லை. இசக்கி ஒரு நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏ அண்ணாச்சி, ரெண்டாங் கல்யாணம் ஏதும் ஓடுதோ?" என்றான். நடப்பது நல்லதுதான். இன்றைக்கும் சொல்கிறேன், நடங்கள். நான் சண்டை போடுவது நடையோடு இல்லை.

ஒரு மத்தியானம் தலைவர் நாலைந்து பேரோடு அங்கே வந்தார். நான் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதையில் ஏறினார். இரண்டு அடி வைப்பதற்குள் குதித்துப் புல்லுக்கு ஓடினார். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்லைத் தொட்டுப் பார்த்து, "ஆத்தாடி" என்று விலகினார்கள்.

"உங்களுக்குச் சுடலையா?"

"இல்லியே சார்."

உடனே போனை எடுத்தார். என்னைப் பைய நடக்கச் சொன்னார். படம் பிடித்துக்கொண்டே பேசினார். "பாருங்க, நம்ம டிரைவர் அண்ணாச்சி. நடந்து நடந்து பாதம் பக்குவப்பட்டுட்டு. உச்சி வெயில்ல கல்லு இவருக்குச் சுடல. இதுதான் பயிற்சி. கை தட்டுங்க எல்லாரும்." தட்டினார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு கும்பிட்டேன். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொன்னாடை போட்டார். வீடியோ வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. சீவலப்பேரிக்காரர்கள் பஸ்ஸில் ஏறும்போதே, "என்னவே, கல்லுச்சாமி!" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என் வாழ்க்கையில் எனக்காக நாலு பேர் கை தட்டியது அதுதான் முதல் தடவை.

காலில் கோளாறு என்பதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. பேச்சியம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்கேருங்க. நீங்க நடந்த எடத்துல ஒத்தக் கால் தடம் மட்டும் ஈரமா இருக்கு. என்னத்த மிதிச்சிய?"

ஒன்றையும் மிதிக்கவில்லை. அவளே என் காலைத் தூக்கிப் பார்த்தாள். அடிப்பாதம் முழுக்க அப்பளம் பொரிந்தது போல் கொப்புளம். அதில் ஒன்று உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அவள் விரலை வைத்து அழுத்தினாள்.

"வலிக்கா?"

"இல்ல ட்டி."

"இதுவா வலிக்கல?" என்றவளின் முகம் மாறிவிட்டது. அவளுக்கு அப்போதே ஏதோ தோன்றிவிட்டது. எனக்குத் தோன்றவில்லை. நான் தலைவருக்குப் போன் போட்டேன். போட்டோவும் அனுப்பினேன். அவர் சொன்னதைச் சொல்கிறேன், மறுக்கட்டும் பார்ப்போம்: "கெட்ட நீர் வெளியேறுது. நல்ல அறிகுறி. மஞ்சள் பத்துப் போடுங்க. நடையை மட்டும் நிறுத்திராதீங்க."

நிறுத்தவில்லை. பேச்சியம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சண்டை போட்டாள். "ஒங்க கால்ல என்ன இருக்குன்னு பாத்தது நானா, அவரா?" என்றாள். படித்தவரே சொல்கிறாரே என்று அவள் வாயை அடைத்தேன். காய்ச்சல் வந்தது. சுண்டுவிரல் கறுத்தது. பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். இசக்கி வண்டியை ஓரம் கட்டச் சொன்னான். அன்றைக்கு அவன் கேலி பேசவில்லை. ஆட்டோ வைத்து என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்; பேச்சியம்மாளும் அங்கே வந்து சேர்ந்தாள்.

அங்கே ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. என் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்த முதல் டாக்டர் அவர்தான். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். தூண்டில் நூல் போல ஒரு மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே தொடுவாராம், தொடுவது தெரிந்தால் 'ம்' சொல்ல வேண்டுமாம். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"எப்பம்மா ஆரம்பிப்பிய?" என்று கேட்டேன்.

"ரெண்டு காலும் முடிச்சிட்டேன் அண்ணாச்சி" என்றார்.

கண்ணைத் திறந்தேன். பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வார்த்தையில் சொல்கிறேன். சர்க்கரை வருஷக்கணக்கில் ரத்தத்தில் கூடுதலாக நின்றால் முதலில் கடைசியில் இருக்கிற நரம்புகள் சாகும். கடைசி என்றால் பாதம். சூடு, முள், வெட்டு எதுவும் மூளைக்குப் போய்ச் சேராது. அதோடு, பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயும் அடைத்துக்கொள்ளும். ரத்தம் போகாத இடத்தில் புண் ஆறாது. கிருமி உள்ளே இறங்கும். தோல், சதை, எலும்பு என்று போய்க்கொண்டே இருக்கும். பிறகு இன்னொரு சோதனை. பசை தடவி, பேனா மாதிரி ஒரு கருவியைக் காலில் வைத்தார்கள். ரத்தம் ஓடினால் சர் சர்ரென்று சத்தம் கேட்கும். இடது காலில் பாதம் வரை கேட்டது; அந்தப் பாதத்துக் கொப்புளங்கள் அதற்குள் வற்றியிருந்தன. வலது முழங்காலுக்குப் பின்னால் வைத்தபோதும் கேட்டது. பாதத்துக்கு மேல் வைத்தபோது ஒன்றும் கேட்கவில்லை. அவர் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அந்த மௌனம் எனக்கு விளங்கிவிட்டது.

"வெறுங்காலோட வெயில்ல ஏன் நடந்தீங்க?" என்று கேட்டார். வீடியோவைக் காட்டினேன். அதைப் பார்த்தார். கை தட்டுகிற இடம் வந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"கல்லு சுடலன்னா அதுதான் நோய். அன்னைக்கே உங்களத் தூக்கிக்கிட்டு இங்க வந்திருக்கணும்."

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். கறுப்பு நிற்கவில்லை. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். நான் டிரைவர், வலது கால், பிரேக் கால் என்றேன். அந்த டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "தெரியும் அண்ணாச்சி. கால விட்டா வண்டி ஓட்டுற வேலைதான் போகும், விடலன்னா ஆளே போயிருவீங்க" என்றார். பேச்சியம்மாள் கையெழுத்துப் போட்டாள். என் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் போட்டாள்.

ஆபரேஷன் முடிந்ததும் வெளியே அவளிடம் கேட்டிருக்கிறார்கள், காலை வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா, ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளட்டுமா என்று. அவள் கொண்டுபோகிறேன் என்றாளாம். இசக்கியும் அவளும் சீவலப்பேரிச் சுடுகாட்டில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, கால் மட்டும் போனால் தீட்டு உண்டா, எத்தனை நாள், அடுத்த வாரம் வீட்டில் சடங்கு வைத்திருக்கிறோமே என்று உண்மையாகவே கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பேச்சியம்மாள்தான் முடிவு சொன்னாள்.

"தீட்டு எங்களுக்கு. நீங்க போயி பாயாசம் குடிங்க."

இருந்தவரை ஒன்றும் தெரியாத கால், போனபின் வலித்தது. பெருவிரல் முறுக்குகிறது, அடிப்பாதம் எரிகிறது. குனிந்து பார்த்தால் கட்டுதான் இருக்கிறது. அறுத்த நரம்பு மூளைக்குப் பழைய கணக்கில் சேதி அனுப்பும் என்றார்கள். கண் அசந்தால் பிரேக் மிதிப்பேன். பேச்சியம்மாள் அந்த வெற்றிடத்தில் தலையணையை வைத்து, "இந்தா, மிதிங்க. வண்டி நின்னுட்டு" என்பாள். பஸ் முதலாளி வந்து பார்த்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன்தான். வேறு டிரைவர் போட்டாகிவிட்டது என்பதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சீவலப்பேரிப் பயணிகள் இசக்கியிடம் கத்திரிக்காய், கீரை என்று கொடுத்து அனுப்புவார்கள். ஆஸ்பத்திரியில் அதை வைத்து என்ன செய்வது? பேச்சியம்மாள் வார்டில் இருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவாள். அப்படித்தான் பக்கத்துக் கட்டில்காரர் பழக்கமானார்.

அவர் நம்பி அண்ணாச்சி. ஆழ்வார்திருநகரியில் இட்லிக் கடை வைத்திருந்தவர். கட்டு போட்ட காலோடு வந்து படுத்தவர் என்னையே உற்று உற்றுப் பார்த்தார்.

"நீரு அந்த வீடியோ டிரைவருல்லா?"

நான் ஆமாம் என்றேன். அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். "அடப்பாவி! உம்மப் பாத்துத்தானவே நான் நடந்தேன். மாடியில கூழாங்கல்லக் கொட்டி எட்டு போட்டேன். கடை முடிஞ்சு மத்தியானம் போயி நடப்பேன். நீரு கல்லுல நடந்தீரு, நான் தோசைக்கல்லுலயே நடந்துட்டேன் வே."

வார்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மனைவி வேலம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வைக்குள் கால் முடிகிற இடத்தைப் பார்த்தார். பிறகு பிளாஸ்கைத் திறந்து, கணவருக்கு ஊற்றிய கஞ்சியில் பாதியை எனக்கும் ஊற்றி நீட்டினார்.

"குடிங்க அண்ணாச்சி. ஆறிரும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தலைவர் பார்க்க வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார். கூட மூன்று பேர். கொஞ்ச நேரம் கடவுள், விதி என்று பேசினார். நான் அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள் என்றேன். பக்கத்துக் கட்டிலைக் காட்டினேன்.

"இங்கன படுத்திருக்காரு பாருங்க சார். அதப் பாத்து நடந்தவரு."

"அண்ணாச்சி, நூறு பேருக்கு நல்லது நடக்கும்போது ஒண்ணு ரெண்டு இப்படி ஆகத்தான் செய்யும். அது நல்ல வீடியோ. எத்தன பேருக்கு ஊக்கம்! அதுவுமில்லாம மத்தியானத்துல நடந்தது நீங்க."

"நடக்கலாமான்னு ஒங்ககிட்டதான சார் கேட்டேன்?"

"எனக்கு ஞாபகம் இல்லையே."

நம்பி அண்ணாச்சி படுத்தபடியே கேட்டார். "சார், நீங்க அன்னைக்கு அந்தக் கல்லுல எம்புட்டு தூரம் நடந்திய?"

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பிவிட்டார்.

நம்பி அண்ணாச்சிக்கு முதலில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பிறகு மேலே எடுத்தார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. அப்படிக் கலந்தால் சிறுநீரகம், நெஞ்சு என்று ஒவ்வொன்றாக நிற்கும் என்றார்கள். கடைசி இரண்டு நாள் அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. கடையில் இருப்பதாக நினைத்து, சட்னி வை, சாம்பார் வை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், அவரைச் சுற்றித் திரை இழுத்தார்கள். திரைக்குள்ளிருந்து வேலம்மா அழுத சத்தம் கேட்டது. என்னால் எழுந்து போக முடியவில்லை. படுத்துக்கொண்டே கேட்டேன்.

உடம்பை எடுத்துப் போகும் முன் வேலம்மா என் கட்டிலருகே வந்தார். என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் படத்துல சிரிச்சுக்கிட்டு நடந்தியளே. நெசமாவே ஒண்ணும் தெரியலையா, அண்ணாச்சி?"

"தெரியல தாயி. சத்தியமா தெரியல."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே தலைவருக்குப் போன் செய்தேன். நம்பி அண்ணாச்சி இறந்துவிட்டார் என்றேன். "அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். பிறகு பார்த்தால் நடைச் சங்க வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். கட்டைக் கால் பொருத்திப் பழகுகிறேன். இடது பாதத்தைக் கண்ணாடி வைத்துத் தினமும் பேச்சியம்மாள் பார்க்கிறாள், விரல் இடுக்கு விடாமல். வீட்டுக்குள்ளேயும் செருப்பு போடுகிறேன். உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் நீங்களும் இதைச் செய்யுங்கள். ஷூ போட்டு, வெயில் தாழ்ந்து நடங்கள். நடக்கத் தொடங்கும் முன், பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற டாக்டரிடம் ஒரு முறை காட்டுங்கள். பாதத்தில் எரிச்சலோ எறும்பு ஊர்வது போலவோ இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள்; நரம்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. அது தானாக நின்றால் இன்னும் பயப்படுங்கள்.

நேற்று நான் இருக்கும் இன்னொரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அந்த வீடியோவைப் போட்டார். புதிதாக நடக்க ஆரம்பிக்கப் போகிறாராம், சர்க்கரைக்காரர், நான் அதில் இருப்பது தெரியாமலே போட்டிருக்கிறார். அவருக்குப் போன் செய்து என் கால் போன கதையைச் சொன்னேன். அவர் ஒருவருக்குச் சொன்னேன். அந்தப் படம் இன்னும் எத்தனை பேர் போனில் இருக்கிறதோ, அத்தனை பேருக்கும் நான் ஒருவன் போன் செய்து தீருமா?

அதனால் உங்களிடம் கேட்கிறேன், தலைவரே. வீட்டுக்கு வர வேண்டாம். போனில் தனியாகப் பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், எல்லோரும் இருக்கும்போது, மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள். உங்கள் காலுக்கு அந்தக் கல் இரண்டு அடியிலேயே சுட்டது. என் காலுக்குச் சுடவில்லை. அதைப் பார்த்துக் கை தட்டச் சொன்னீர்களே, அது நோய் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்து சொன்னீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள். தெரியாமல் சொன்னீர்கள் என்றால், "எனக்குத் தெரியாது, தெரியாமல் சொன்னேன்" என்று சொல்லுங்கள். அதைப் படம் பிடித்து அனுப்புங்கள். ஆழ்வார்திருநகரி வரை போய்ச் சேரட்டும். வேலம்மா கேட்கட்டும்.